மூணாறு, சூரியநெல்லி, வட்டவடை, மறையூர் பக்கம் தீ பிடிச்சா என்ன பண்றது? எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஃபயர்ஃபோர்ஸ் கூட சிவில் டிஃபென்ஸ் வாலண்டியரா இருக்கேன். அதனால ஜீப் ஸ்டாண்டுல, டீக்கடையில, ஹோம்ஸ்டே நடத்துறவங்க கூட்டத்துல எங்க போனாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருது. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வெச்சு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன். இந்த மலையில வருஷா வருஷம் ரூம் கூடிக்கிட்டே போகுது, டென்ட் கூடிக்கிட்டே போகுது, ஆனா தண்ணி வண்டியும் ரோடும் அந்த வேகத்துல கூடல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

தீ பிடிச்சா மொதல்ல எந்த நம்பருக்கு அடிக்கணும்? 101ஆ, 112ஆ?

ரெண்டுமே சரிதான். 101 நேரா தீயணைப்புக்கு, 112 போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் பொது. ஆனா நாம இருக்குறது கேரளா-தமிழ்நாடு பார்டர். உங்க போன் டாப் ஸ்டேஷன் பக்கமோ போடிமெட்டு பக்கமோ தமிழ்நாட்டு டவர புடிச்சிருந்தா கால் அந்தப் பக்க கன்ட்ரோல் ரூமுக்குப் போயிடலாம். அதனால உங்களுக்குப் பக்கத்துல இருக்குற ஃபயர் ஸ்டேஷனோட லேண்ட்லைன் நம்பர வாங்கி போன்லயும் சேவ் பண்ணுங்க, கிச்சன் செவுத்துல பெருசா எழுதியும் ஒட்டுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு போன தேடிக்கிட்டு இருக்க முடியாது.

பேசும்போது ரிசார்ட்டோட ஸ்டைல் பேர மட்டும் சொன்னா வண்டி ஓட்டுறவருக்குப் புரியாது. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த கோயில் இல்ல எந்த சர்ச் தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லுங்க. என்ன எரியுது, உள்ள ஆள் இருக்காங்களா, பெரிய வண்டி வருமா, பக்கத்துல தண்ணி இருக்கா, இதையும் சொல்லணும். அவங்க வெக்கிற வரைக்கும் நீங்க போன வெக்காதீங்க. தமிழ்லயே பேசலாம், மூணாறு பக்கம் அது ஒரு பிரச்சனையே இல்ல. காசும் கேக்க மாட்டாங்க, பில் வரும்னு பயந்து யாரும் லேட் பண்ண வேணாம்.

வண்டி வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்ணே?

இதுக்கு ஒரே பதில் கிடையாது, ஆனா மேப்ப பாத்தாலே புரியும். இந்தப் பக்கம் மூணாறு, அடிமாலி, நெடுங்கண்டத்துல ஸ்டேஷன் இருக்கு, கீழ தமிழ்நாட்டுப் பக்கம் போடி, உடுமலை. மூணாறுல இருந்து மறையூர் சுமார் 40 கிலோமீட்டர், வட்டவடை அதுக்கும் கொஞ்சம் மேல. காலி கார்ல போறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுற ரோடு அது. தண்ணி வண்டி கிட்டத்தட்ட நாலரை டன் தண்ணிய சுமந்துக்கிட்டு வருது, வளைவுல அந்தத் தண்ணி ஒரு பக்கமா தள்ளும், அதனால டிரைவர் நெனச்சாலும் பறக்க முடியாது.

ஏப்ரல் மே, ஓணம், பூஜா லீவு, கிறிஸ்துமஸ் சமயத்துல மாட்டுப்பட்டி ரோடு நிக்கிற நிலைமை உங்களுக்கே தெரியும். அந்த நாள்ல கணக்கு இன்னும் மாறும். சுருக்கமா சொல்றேன், டவுன விட்டுத் தள்ளி இருக்கவங்க எல்லாரும் முதல் ஒரு மணி நேரம் நாங்கதான் பாத்துக்கணும்னு வெச்சே ப்ளான் பண்ணணும். கீழ இருக்குற பதில் எல்லாமே இந்தக் கணக்குல சொன்னதுதான்.

வண்டி வந்துட்டா அப்புறம் அவங்க பாத்துப்பாங்கதானே?

பாத்துப்பாங்க, ஆனா தண்ணி? ஒரு சாதாரண தண்ணி வண்டியில 4500 லிட்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க, ஒரு ஹோஸ்ல நிமிஷத்துக்கு 450 லிட்டர் போனா பத்தே நிமிஷம், டேங்க் காலி. ரெண்டு ஹோஸ் போட்டா அஞ்சு நிமிஷம். அப்புறம் வண்டி எங்கயாவது போய் நிரப்பிட்டு வரணும், அந்த நேரத்துல அணைஞ்ச தீ திரும்ப எழுந்துடும்.

அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் படுதாக் குளத்தப் பத்திப் பேசுறேன். வட்டவடையிலயும் காந்தளூர்லயும் விவசாயத்துக்கு ஷீட் விரிச்சு குளம் வெட்டி வெச்சிருக்காங்கல்ல, அதுல இருந்து பம்பு போட்டு நேரா எடுத்துடலாம். ஒரு சின்ன விஷயம்தான் கவனிக்கணும், பம்பு நிக்கிற எடத்துக்கும் தண்ணி மட்டத்துக்கும் உயரம் ஏழு மீட்டருக்குள்ள இருந்தாதான் நல்லா இழுக்கும். குளம் ஆழத்துல, ரோடு மேட்டுலன்னா பம்ப தூக்கிக்கிட்டு கீழ எறங்கணும், அதுக்கு வழி வேணும். உங்க குளத்துக்குப் போற வழியில முள்ளுக்கம்பி கேட்டுக்கு சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சு வெச்சிருங்க. கோடையில அடியில கொஞ்சமாவது தண்ணி விட்டு வைங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் கேரட்டுக்குப் பாய்ச்சிட்டா குளம் இருந்தும் புண்ணியமில்ல.

எங்க ப்ராப்பர்டிக்கு ஜீப் மட்டும்தான் ஏறும், கெஸ்ட்டுக்கும் அந்த ஆஃப்ரோடுதான் புடிக்குது. நாங்க என்ன பண்ண?

ஜீப் மட்டும் ஏறுற எடத்துக்கு பெரிய வண்டி வராது, இத மனசுல ஏத்திக்கணும். ஸ்டேஷன்ல சின்ன வண்டி இருந்தா வரும், அதுல தண்ணி ரொம்பக் கம்மி. அதனால நீங்களே தண்ணி சேர்த்து வைக்கணும்: கூரை மட்டத்த விட மேட்டுல ஒரு டேங்க், அதுல குளிக்கிறதுக்கு இல்லாம தீக்குன்னு ஒதுக்குன தண்ணி, அங்க இருந்து எந்த ரூமையும் எட்டுற நீளத்துக்கு ஹோஸ். மேட்டுல இருக்குற டேங்க்கா இருந்தா கரண்ட் இல்லாமயே தண்ணி வரும், தீ சமயத்துல கரண்ட ஆஃப் பண்ணித்தான் ஆகணும்னு ஞாபகம் வைங்க. வெளிய லைன் கம்பி அறுந்து விழுந்திருந்தா பக்கத்துல போகாதீங்க, 1912க்கு அடிச்சு லைன ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

கொஞ்சமாவது ரோடு இருக்கவங்க ஒரு லோடு டிப்பர வரச் சொல்லி, அது உள்ள வந்து திரும்பி வெளிய போகுதான்னு பாருங்க. ஆர்ச், தாழ்வா தொங்குற கேபிள், ராத்திரி ரோட்டோரம் நிறுத்துற டிராவலர் வண்டி, எது தடுக்கும்னு அன்னைக்கே தெரிஞ்சிடும்.

கொழுக்குமலை தமிழ்நாட்டுல இருக்கு, ரோடு கேரளாவுல இருக்கு. அங்க தீ புடிச்சா யாரு வருவாங்க?

நல்ல கேள்வி, நெறைய டிரைவருங்களே இத கேட்டிருக்காங்க. எடம் தேனி மாவட்டம், ஆனா வண்டி போற வழி சூரியநெல்லி. போடியில இருந்து தீயணைப்பு வண்டி வரணும்னாலும் போடிமெட்டு ஏறி, சூரியநெல்லி வந்து, அங்க இருந்து ஜீப் பாதைதான். அதுக்கு மேல நிலைமை முந்தின பதில்ல சொன்னதேதான்.

ரெண்டு பக்கத்துக்கும் சொல்லிடுங்க. யாரு எல்லைக்குள்ள வருதுன்னு அவங்க பேசிக்கட்டும், நீங்க ரெண்டு போன் பண்றதுல யாருக்கும் நஷ்டமில்ல. சூரியநெல்லி ஜீப் டிரைவருங்கதான் அங்க முதல்ல போய்ச் சேருற ஆளுங்க, அதனால ஒவ்வொரு ஜீப்லயும் ஒரு எக்ஸ்டிங்விஷரும் ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸும் இருந்தே ஆகணும்னு நான் அடிச்சுச் சொல்றேன்.

எக்ஸ்டிங்விஷர் எது வாங்கணும்? ஒண்ணு போதுமா?

பொதுவா ஏபிசி பவுடர், 6 கிலோ. மரம், துணி, பெட்ரோல், கேஸ், கரண்ட் சம்பந்தப்பட்ட தீ எல்லாத்துக்கும் ஆகும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, 6 கிலோ சிலிண்டர் மொத்தமே 15லருந்து 20 செகண்டுதான் அடிக்கும். கைப்புடியில இருக்குற சேஃப்டி பின்னப் புடுங்கணும், ஆறேழு அடி தள்ளி நின்னு, எரியுற ஜ்வாலையப் பாக்காம அது கிளம்புற அடிவாரத்தப் பாத்து புடிச்சு, கைப்புடிய அழுத்தி, இடதும் வலதுமா வீசணும். மேல ஜ்வாலையப் பாத்து அடிச்சா இருபது செகண்டும் வீணாப்போச்சு. முதுகுக்குப் பின்னால எப்பவும் கதவு இருக்கணும். ஒரு சிலிண்டர்ல அடங்கலைன்னா வெளிய வந்துடுங்க.

கிச்சன்ல வைக்கும்போது அடுப்புக்குப் பின்னால மாட்டாதீங்க, கதவுகிட்ட மாட்டுங்க. கேஜ்ல முள்ளு பச்சையில இருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவ பாத்தாலே போதும், சர்வீஸ் தேதி தாண்டினா மாத்துங்க. ரிசப்ஷன்ல அழகுக்கு ஒண்ணு மட்டும் வெச்சிருக்கிற எடத்துல கடைசி காட்டேஜ்ல இருந்து ஓடி வந்து எடுத்துட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள அது கைய மீறிடும்.

எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தலாமா?

கூடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாச்சுன்னா சுமார் 1700 லிட்டர் ஆகும், அது அந்தக் கொதிக்கிற எண்ணெய்யத் தூக்கி மூஞ்சி மேலயே வீசும். அடுப்ப ஆஃப் பண்ணுங்க, சட்டிய மூடுற அளவு தட்டோ மூடியோ ஓரமா சறுக்கி மூடுங்க, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க, சட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடாதீங்க.

சுட்டுக்கிட்டா ஓடுற சாதாரண தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ், இங்க், பேஸ்ட், மாவு எதுவும் வேணாம். பெரிய காயம்னா 108.

கேஸ் நாத்தம் வந்தா? குளிர்ல சிலிண்டர் சரியா வரலைன்னு சுடுதண்ணியில வைக்கிறோமே, அது தப்பா?

மூணாறு குளிர்ல கேஸ் கம்மியா வர்றதுக்குக் காரணம் அதுல இருக்குற பியூட்டேன், கிட்டத்தட்ட ஜீரோ டிகிரிக்கு வந்தா அது ஆவியாக மாட்டேங்குது. அதுக்காக சிலிண்டர படுக்க வைக்கிறது, அடுப்புப் பக்கத்துல நகத்துறது, கீழ கொள்ளி வைக்கிறது, கொதிக்கிற தண்ணி ஊத்துறது எதுவுமே பண்ணாதீங்க. ஒரு எடத்துல சிலிண்டருக்கு அடியில தணல் அள்ளி வெச்சிருந்தத நானே பாத்தேன், அந்த கிச்சன்ல அப்ப ஆறு பேர் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு சிலிண்டர சேர்த்துக் குடுக்குற கனெக்ஷன ஏஜென்சிகிட்ட கேட்டு வாங்குங்க.

நாத்தம் வந்தா எந்த சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம். ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னலத் திறந்து, எல்லாரும் வெளிய போங்க, அப்புறம் 1906க்கு அடிங்க. இந்த கேஸ் காத்த விட கனமானது, தரையோட தவழும், படிக்கட்டுல எறங்கி கீழ் ரூமுக்குப் போகும். மலைச் சரிவுல கட்டின வீட்டுல கிச்சன் மேலயும் பெட்ரூம் கீழயும் இருந்தா இது ரொம்ப முக்கியம், கீழ தூங்குறவங்களத்தான் மொதல்ல எழுப்பணும்.

டென்ட் கேம்ப்ல கேம்ப்ஃபயர் இல்லாம கெஸ்ட் வர மாட்டேங்குறாங்க. சேஃபா எப்படிப் பண்றது?

நைலான், பாலியஸ்டர் டென்ட் எரியுறத விட உருகும், உருகி தோல்ல ஒட்டிக்கும். அதனால டென்ட்டுக்கும் நெருப்புக்கும் நல்ல தூரம் வேணும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து டென்ட் இல்லாத பக்கம் பொறி போற மாதிரி எடம் புடிங்க. சுத்தியும் புல்லச் செதுக்கி மண்ணு தெரியணும், கல்லு வரிசை வேணும், ரெண்டு வாளி தண்ணி பக்கத்துலயே வேணும். காத்து ஜாஸ்தியான ராத்திரி கேம்ப்ஃபயர் கிடையாதுன்னு சொல்ற தைரியம் உங்களுக்கு வேணும். கெஸ்ட் தூங்கப் போனதும் தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடியும் ஊத்தி, கைய வெச்சுப் பாத்து சூடு இல்லைன்னாதான் நீங்க தூங்கணும்.

டென்ட்டுக்குள்ள கேஸ் ஸ்டவ், மெழுகுவத்தி, கொசுவத்தி எதுவும் கூடாது.

பார்பிக்யூ முடிஞ்ச கரிய ரூமுக்குள்ள வெச்சா கதகதப்பா இருக்குமே?

உயிர் போயிடும். எரியுற கரியில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமும் இல்ல, நிறமும் இல்ல, தூங்குறவங்க அப்படியே எந்திரிக்காமப் போயிடுவாங்க. பார்பிக்யூ அடுப்ப வாடகைக்குக் குடுத்தா அத ராத்திரி திரும்ப வாங்கி வெக்கிறது உங்க பொறுப்பு. கூடுதல் கம்பளி குடுங்க.

எங்க லயத்துல (எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீட்ல) ஒரு வீட்ல தீ புடிச்சா வரிசையே போயிடும்னு சொல்றாங்களே, நெசமாண்ணே?

ஆமா தங்கச்சி. லயத்துல செவுரு வீட்டுக்கு வீடு இருக்கு, ஆனா கூரை ஒரே கூரை. செவுத்துக்கு மேல இருக்குற சந்து வழியா தீயும் புகையும் அடுத்த வீட்டுக்கு, அதுக்கடுத்த வீட்டுக்குன்னு போகும். அதனால ஒரு வீட்ல தீன்னா வரிசையில இருக்குற எல்லா வீட்டுக் கதவையும் தட்டி எல்லாரையும் வெளிய எடுக்குறதுதான் முதல் வேலை, சாமான் எடுக்குறது இல்ல. அப்புறம் எல்லா வீட்டு சிலிண்டரும் வெளிய.

அடுப்புக்கு மேல பரண்ல விறகு காயப் போடுறது, சீலிங்குக்கு பழைய சாக்கு இல்ல பிளாஸ்டிக் ஷீட் கட்டுறது, ஒரே பிளக்ல ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும், இதெல்லாம் கொறச்சாலே பாதி ஆபத்து கொறையும். பகல்ல பெரியவங்க எல்லாம் கொழுந்து எடுக்கப் போயிட்டா வரிசையில வயசானவங்களும் கொழந்தைங்களும்தான் இருப்பாங்க, அந்த நேரத்துக்கு யார் கதவ தட்டுவாங்கன்னு இப்பவே பேசி வைங்க. சந்து அடைக்கிறதுக்கும் பொதுக் குழாய்க்கும் மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் குடுங்க, யூனியன் வழியா குடுத்தா இன்னும் நல்லது.

ஜனவரில இவ்ளோ குளிரு, அப்ப எப்படி காட்டுத்தீ வரும்?

குளிரே ஒரு காரணம். டிசம்பர் ஜனவரில இங்க ராத்திரி ஜீரோவுக்குக் கீழ போகும், உறைபனி விழுந்து புல்லு கருகிடும், அப்புறம் பகல் வெயில்ல அது காஞ்சு எரியுறதுக்குத் தயாரா நிக்கும். மழை வர்ற வரைக்கும், அதாவது ஏப்ரல் வரைக்கும் இதே கதைதான். மறையூர் பக்கம் தைலம் காய்ச்சுற புல்லு இருக்கே, அதுல எண்ணெய் இருக்குறதால சர்ருன்னு போகும். வட்டவடையில கிராண்டிஸ்ங்கிற யூகலிப்டஸ் மரத்துக்குக் கீழ சேர்ற எலையும் பட்டையும் அதே மாதிரி.

நம்ம ஊர் காட்டுத்தீயில பெரும்பாலும் மனுஷன் வெச்சதுதான்: பீடி, சிகரெட், தோட்டத்துல வெச்சது தாண்டினது, சமைச்சுட்டு அணைக்காம விட்டது. டூரிஸ்ட் வண்டி வியூபாயிண்ட்ல நிக்கும்போது டிரைவர்தான் மொதல்ல சொல்லணும்.

காட்டுல தீன்னா ஃபாரஸ்டா, ஃபயர்ஃபோர்ஸா? ஒருத்தர் இன்னொருத்தர கை காட்டுறாங்களே.

ரிசர்வ் காட்டுக்குள்ள ஃபாரஸ்டோட வேலை, அவங்க வாச்சருங்களுக்குத்தான் ஃபயர் லைன் (தீ தாண்டாம இருக்க செதுக்கி வெச்ச பட்டை) எங்க இருக்கு, எந்தப் பாதையில எறங்கலாம்னு தெரியும். வீடு, ரிசார்ட், ரோட்டோரம்னா ஃபயர்ஃபோர்ஸ். ஆனா தீ எல்லைக் கல்லப் பாத்து நிக்காது, அதனால ரேஞ்ச் ஆபீசுக்கும் 101க்கும் ரெண்டுக்கும் சொல்லுங்க, பஞ்சாயத்து மெம்பருக்கும் சொல்லுங்க. சாட்டிலைட்ல பாத்து ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியா எச்சரிக்கை அனுப்புறாங்க, ஆனா சாட்டிலைட் மேல கடந்து போற நேரத்துலதான் அது தெரியும், அதுக்கு நடுவுல உங்க கண்ணுதான்.

கூப்பிடாம நீங்களா கும்பலா போய் அணைக்க எறங்காதீங்க. வாச்சருங்க எதிர்த்தீ, அதாவது வர்ற தீக்கு எரிய எதுவும் கிடைக்காம இருக்க எதிர்ல இருந்து வைக்கிற தீ, வெச்சிருந்தா நடுவுல மாட்டிப்பீங்க. ஜீப்ல தண்ணி, சாப்பாடு, பச்சைக் கொப்பு வெட்டிக் குடுக்குறது, இதுவே அவங்களுக்குப் பெரிய உதவி.

2018ல குரங்கணியில நடந்த மாதிரி நடுவுல மாட்டிக்கிட்டா எந்தப் பக்கம் ஓடணும்?

2018 மார்ச் 11, கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு ட்ரெக்கிங்ல எறங்கிக்கிட்டு இருந்தவங்கதான் காட்டுத்தீயில மாட்டினாங்க, இருபது பேருக்கு மேல போயிட்டாங்க, விமானப்படை ஹெலிகாப்டர் வரைக்கும் வந்தும் அவ்ளோதான் முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு 2018லயே ட்ரெக்கிங்குக்குத் தனி விதி போட்டாங்க. பர்மிட் இல்லாம கூட்டிட்டுப் போற கைடு யாரா இருந்தாலும் போகாதீங்க, கெஸ்ட்ட அனுப்பவும் செய்யாதீங்க. பர்மிட் வாங்கினாதான் நீங்க உள்ள இருக்கீங்கன்னு ஒருத்தருக்காவது தெரியும்.

தீ மேட்டப் பாத்துதான் வேகமா ஏறும், சரிவு பத்து டிகிரி கூடினா வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கீழ எரிஞ்சா மேல ஓடாதீங்க, தீயோட ஓடி யாரும் ஜெயிச்சதில்ல. பக்கவாட்டுல போங்க, வெறும் பாறை, ஓடை, ரோடு, இல்ல ஏற்கனவே எரிஞ்சு கருகின எடம் இருந்தா அங்க. உயரமான புல்லுக்குள்ள ஒளியாதீங்க. பாலியஸ்டர் ஜாக்கெட்ட கழட்டிடுங்க, பருத்தித் துணிய மூக்குல கட்டுங்க, தீ தாண்டுற நேரத்துல தரையோட குப்புறப் படுத்து மூஞ்சிய மண்ணுப் பக்கம் வைங்க. கூட்டத்த பிரிய விடாதீங்க.

நம்ம சொந்தத் தோட்டத்துல காஞ்ச புல்ல எரிக்கிறதுக்கு யார்கிட்ட கேக்கணும்?

சொந்த நெலமா இருந்தாலும் பக்கத்துல என்ன இருக்குன்னு பாருங்க. வட்டவடையில குறிஞ்சிமலை சரணாலயம், பாம்பாடும் சோலை, மறையூர் பக்கம் சின்னார், சந்தனக்காடு. சரணாலயத்துல தீ வைக்கிறது 1972 வனவிலங்குச் சட்டம் 30வது பிரிவுல குற்றம், உங்க தோட்டத்துல இருந்து தாண்டிப் போனாலும் கேசு உங்க மேலதான் வரும். வெட்டி மக்க வைக்கிறதுதான் நல்லது. எரிச்சே ஆகணும்னா ரேஞ்ச் ஆபீஸ்ல சொல்லிட்டு, காத்தில்லாத காலை நேரம், சுத்தியும் செதுக்கி, ஆளும் தண்ணியும் வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா. பிப்ரவரி மார்ச்ல வேணவே வேணாம்.

ஆறு ரூம் ஹோம்ஸ்டேதான், எனக்கு ஃபயர் என்ஓசி (தீயணைப்புத் துறையோட தடையில்லாச் சான்று) வேணுமா?

கட்டடத்தோட உயரம், பரப்பளவு, எத்தன பேர் தங்குறாங்க, இத வெச்சுத்தான் முடிவாகும். ப்ளான எடுத்துக்கிட்டு பஞ்சாயத்துலயும் ஃபயர் ஸ்டேஷன்லயும் காட்டிக் கேளுங்க, ஏஜென்ட் பேச்ச நம்பாதீங்க. பேப்பர் தேவைப்பட்டாலும் படலைனாலும் ரூமுக்கு வெளிய போக ரெண்டு வழி, ஜன்னல் கிரில் உள்ள இருந்து திறக்குற மாதிரி, மர ஏ-ஃப்ரேம் காட்டேஜ்னா மாடியில தூங்குறவங்க எறங்க வேற வழி, புகை அலாரம், இதெல்லாம் இருந்தே ஆகணும். நம்ம பக்கம் குரங்குக்காக எல்லா ஜன்னலுக்கும் நிரந்தரமா கிரில் அடிக்கிறாங்க, தீன்னா அந்த ரூம் கூண்டாயிடும்.

நானும் வாலண்டியரா சேரலாமா?

தாராளமா. கேரளாவுல ஒவ்வொரு ஃபயர் ஸ்டேஷன் கீழயும் 50 பேர்னு கணக்கு வெச்சு சிவில் டிஃபென்ஸ் ஆரம்பிச்சாங்க. ஸ்டேஷன்ல போய்க் கேட்டாலே வழி சொல்லுவாங்க. வட்டவடை, மறையூர், சூரியநெல்லி மாதிரி தூரமான எடத்துல இருக்கவங்கதான் ரொம்ப வேணும், காரணம் ரெண்டாவது பதில்லயே இருக்கு. பொண்ணுங்களும் நெறைய வரணும், லயத்துலயும் ஹோம்ஸ்டே கிச்சன்லயும் இருக்குறது அவங்கதான்.

கெஸ்ட்கிட்ட தீ பத்திப் பேசினா பயந்து ரிவ்யூ கொறச்சுடுவாங்களே?

நான் பாத்த வரைக்கும் யாரும் கொறச்சதில்ல, கொழந்தையோட வர்றவங்க நன்றிதான் சொல்றாங்க. சாவி குடுக்கும்போதே ரெண்டு நிமிஷம்: இதுதான் வெளிய போற வழி, இது ரெண்டாவது வழி, எக்ஸ்டிங்விஷர் இங்க, ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் அந்த மரத்தடிக்கு வந்துடுங்க, ராத்திரி கூப்பிட வேண்டிய நம்பர் இது.

அதோட ரெஜிஸ்டர சரியா எழுதுங்க. மூணு பேருன்னு புக் பண்ணிட்டு அஞ்சு பேர் தங்கியிருந்தா அந்த அஞ்சத்தான் எழுதணும், டிரைவர் எங்க தூங்குறாருன்னும் எழுதணும். ஃபயர்ஃபோர்ஸ் வந்து எறங்கினதும் கேக்குற முதல் கேள்வி உள்ள எத்தன பேர்ங்கிறதுதான். அந்த நோட்டு எரியுற கட்டடத்துக்குள்ள இருக்கக் கூடாது, ராத்திரி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டுத் தூங்குங்க.